பை பார்த்துக்கொள்கிறவள்

அலை இன்னும் விடவில்லை. நீலப் பெயிண்ட் அடித்த குளத்தில் தண்ணீர் சும்மா தளும்பிக்கொண்டிருக்கிறது, சிவப்பும் மஞ்சளுமாக நைலான் உடுப்பு மாட்டிக்கொண்டு இடுப்பளவில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் பார்க்கிறார்கள், எதிர்ச் சுவரிலிருந்துதான் அலை கிளம்பும், கிளம்புவதற்கு முன்னால் மில் சங்கு மாதிரி ஒன்று ஊதும், ஊதியதும் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துவார்கள், நான் இந்த சிமெண்ட் பெஞ்சில் பைகளோடு பையாக உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். இந்தப் பக்கம் நங்கையின் கட்டைப்பை, அதற்குள் வாசலில் சோதனை போட்டவனுக்குத் தெரியாமல் துண்டுகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்த புளிசாதம், வெயிலில் அது சூடேறி நல்லெண்ணெய் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. நங்கை என்றால் இவருடைய அக்கா லோகாம்பாள், எங்கள் பக்கம் புருஷனுக்கு மூத்தவளை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தப் பக்கம் இவருடைய தோல்பை, கடைச் சாவி, எல்லோருடைய போன்கள், கண்ணாடி, நங்கையின் பிள்ளைகள் கழற்றிப் போட்ட ஷூக்கள், ஒவ்வொன்றிலும் சுருட்டிச் செருகிய சாக்ஸ். வேன் வந்து நின்றதும் நங்கையின் மகன் லாக்கர் எடுக்கலாமா என்று கேட்டான். லாக்கர் எதுக்கு, ரேணுகாதான் இருக்கறாளே என்றார் நங்கை. ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். காலையில் வீட்டைப் பூட்டும்போது சிலிண்டரை அணைச்சாச்சா என்று கேட்கிற அதே குரல். ரேணுகாதான் இருக்கிறாளே. இருக்கிறேன். அதுதான் போன வருடம் முழுக்க எல்லோரும் வேண்டிக்கொண்டது, நான் இருக்க வேண்டும் என்று, இருந்தால் போதும் என்று, இப்போது இருக்கிறேன், பெஞ்சில், பைகளுக்கு நடுவில், கழுத்துவரை மூடின சுடிதாரும் அதற்கு மேல் மடித்துக் குத்தின துப்பட்டாவுமாக. இதில் என்னுடைய பையும் ஒன்று உண்டு. அது பெஞ்சில் இல்லை. இடது பக்கம் உள்ளாடைக்குள் இருக்கிறது, பழைய வாயில் புடவையில் உள்ளங்கை அளவு வெட்டி நானே தைத்தது, உள்ளே இலவம்பஞ்சு, பஞ்சு மட்டும் வைத்தால் மேலே மேலே ஏறிக்கொள்ளும் என்று கனத்துக்குக் கடுகு. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சொல்லிக்கொடுத்தது. கடுகு போடு கண்ணு, அரிசி போட்டா வண்டு வரும் என்று.

சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் கத்துகிறார்கள். சுவரோரம் தண்ணீர் உப்பி, கறுத்து, முதுகு வளைந்து வருகிறது, வந்து முன்வரிசையைத் தூக்கிப் பின்வரிசையின் மேல் போடுகிறது, இவர் தெரிகிறார், நங்கையின் பிள்ளைகள் இருவரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து சிரிக்கிறார். வருஷம் முழுக்க மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக் கட்டிக் கூன் விழுந்த முதுகு இங்கே வந்தால் நிமிர்ந்துவிடும். மே மாதத்தில் ஒரு நாள் கடைக்கு லீவு விடுவார், அந்த ஒரு நாள் இதற்குத்தான், கல்யாணம் ஆனதிலிருந்து இதே மலையடிவாரம், இதே வாட்டர் பார்க், இதே குளம். முதலில் சில வருடம் நான் கைக்குழந்தையோடு இந்த மாதிரி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஓவியா யுகேஜி படித்த வருடம் முதன்முதலாக இறங்கினேன், அவள் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நகம் பதியப் பதிய, அலை வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்ந்தோம், மூக்கில் குளோரின் மருந்துத் தண்ணீர் ஏறி எரிந்தது, எழுந்து பார்த்தால் அழப்போகிறாள் என்று நினைத்த பிள்ளை இன்னொண்ணு இன்னொண்ணு என்கிறாள். அதற்கப்புறம் ஒவ்வொரு மே மாதமும் இன்னொண்ணுதான். போன மே மாதம் இல்லை. போன மே மாதம் இந்த நேரத்துக்கு எனக்குக் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது, சிவப்பு மருந்து, அதைப் பார்த்தாலே வாந்தி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பேன், மூடினாலும் அதன் வாசனை நாக்கில் இருக்கும், இரும்பை நக்கினது மாதிரி. ஓவியா விடுமுறை முழுவதும் நங்கை வீட்டில் இருந்தாள். சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவார்கள், வாசல்படியோடு நிற்பாள், கிட்ட வரமாட்டாள், என் தலையைப் பார்ப்பாள், நான் துண்டை இழுத்துவிட்டுக்கொள்வேன். தலை இப்போது வளர்ந்துவிட்டது. சுருட்டை சுருட்டையாக, எனக்கு ஒருநாளும் இல்லாத சுருட்டை. நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். முடியைப் பற்றி மட்டும் எல்லோரும் தைரியமாகப் பேசுகிறார்கள்.

அம்மா, வெயில் படுது, இப்பிடித் தள்ளி உக்காரு. ஓவியா என் பக்கத்தில்தான் இருக்கிறாள். நீலமும் கறுப்புமான காஸ்ட்யூம் போட்டுத் தலையில் தொப்பியும் மாட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல், காய்ந்துபோய், பெஞ்சின் நுனியில். வயிறு வலிக்கிறதாம். வரும்போது வேனில் வலிக்கவில்லை, பாட்டுக்குப் பாட்டு விளையாடிக்கொண்டு வந்தாள், பஜ்ஜி தின்றாள், காஸ்ட்யூம் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினாள், குளத்தின் ஓரம்வரை போனாள், அங்கே நின்றாள், திரும்பி என்னைப் பார்த்தாள், வந்து உட்கார்ந்துவிட்டாள். வயிறு வலிக்குதும்மா. பெரியவளாகப் போகிறாளோ என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது, வயசும் ஆகிறது, ஓடியதுமே அதன் பின்னால் இன்னொன்று ஓடிவந்தது, அவளுக்கும் வளரும், வளர்ந்தால் அவளுக்கும் வருமோ. டாக்டரம்மாவிடம் கேட்டேன். எங்கம்மாவுக்கு இல்லை, பெரியம்மாவுக்கு இல்லை, எனக்கு வந்திருக்கிறதே, பிள்ளைக்கு. அவர் பொறுமையாக என்னவோ சொன்னார், எல்லோருக்கும் அப்படி வராது, பெரியவளானதும் பார்த்துக்கொள்ளலாம், இப்போது அவள் விளையாடட்டும் என்றார். விளையாடட்டும் என்றாரே. இதோ விளையாடாமல் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணி குடிக்கிறியாம்மா. கை வலிக்குதாம்மா, நான் அந்தப் பையை எடுத்து வைக்கட்டா. இந்த வார்த்தைகள் அவளுடையவை இல்லை. கை வலிக்கிறதா, தள்ளி உட்காரு, தண்ணி குடி, இதெல்லாம் நங்கையின் வாயில் நான் மாதக்கணக்காகக் கேட்டவை, அப்படியே, அந்த இழுப்போடு. நான் அவள் காலைப் பார்க்கிறேன். சங்கு ஊதும்போதெல்லாம் கால் விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. அலை கிளம்பினால் உடம்பு முன்னால் சாய்கிறது, தானாக, அவளுக்கே தெரியாமல், அலை உடைகிற இடத்தில் அவள் தோள் ஒருமுறை எம்புகிறது, அப்புறம் அடங்கி, திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள், அடுப்பில் பால் வைத்தவள் பார்க்கிற மாதிரி. வயிற்று வலிக்காரி அலைக்கு எம்புவாளா.

வயிறு நெஜமா வலிக்குதா என்று கேட்டேன். தலையாட்டினாள். சாமிமேல சொல்லு என்றேன். தொப்பியின் வாரைக் கடித்தாள். நங்கையின் மகள் தண்ணீருக்குள்ளிருந்து வாடி வாடி என்று கையை ஆட்டினாள், இவள் வரவில்லை என்று கையை ஆட்டினாள், ஆட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே சொன்னாள். 

"அத்தை சொல்லுச்சு. நீ பாட்டுக்குத் தண்ணிக்குள்ள எறங்கிட்டா உங்கம்மாவுக்கு ஆரு இருக்கறான்னு. உனக்குத் தண்ணி வேணுமா அம்மா வேணுமான்னு கேட்டுச்சு." 

எப்ப கேட்டாங்க என்றேன். இப்பவா, வேனிலா. இல்லம்மா, போன வருசமே, இங்க வரணும்னு நான் அழுதப்ப கேட்டுச்சு என்கிறாள். போன வருசமே. அப்படியானால் போன வருடத்திலிருந்து இந்தப் பிள்ளை தினமும் அம்மா வேணும் என்று சொல்லிக்கொண்டு எதை எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனார்களே, தலைவலி என்றாள். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குப் போகாமல் பிடிக்கவில்லை என்றாள். ராத்திரி என் கட்டிலோரம் வந்து நின்று மூக்குக்கு நேரே விரலை நீட்டிப் பார்த்துவிட்டுப் போவாளே, நான் தூங்குவதுபோலக் கிடப்பேன், மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள் என்று தெரியும், பாசம் என்று நினைத்து உள்ளுக்குள் கசிந்துகொண்டு கிடந்தேன், பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது, ஆனால் அது ஒரு காவல்காரனின் வேலையும்கூட, அந்த வேலையை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். எனக்குக் காது சுடுகிறது. நங்கை கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். நான் வாந்தி எடுத்த பக்கெட்டைக் கழுவினவர் அவர். ராகிக்கூழ் காய்ச்சி ஆற்றி, மோர் விட்டு, மறுபடி வாந்தி எடுத்தால் மறுபடி காய்ச்சிக் கொண்டுவந்தவர். என் தலையில் கொத்துக் கொத்தாக வந்த முடியை முகம் சுளிக்காமல் பொறுக்கிச் சுருட்டி எடுத்துப் போனவர். கெட்டவர் இல்லாதவர்கள் சொல்கிற சொல்லைத் தட்டுவதற்கு எப்படி வாய் வரும். வரவில்லை. ரேணுகா நீ இறங்க வேண்டாம் என்றார், தலையாட்டினேன். மூடிக்கிட்டு உக்காரு புள்ள என்றார், மூடிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் கேட்டால் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிக்கலாம் என்றார், சரி என்றேன், அதற்கு மட்டும் ஏன் சரி என்றேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்கு ஆனது எனக்கு. பிள்ளைக்கு ஆனதற்கு நான் ஏன் தலையாட்ட வேண்டும்.

வா என்று எழுந்தேன். எங்கேம்மா என்றாள். வா. கட்டைப்பையை வலது தோளில் மாட்டினேன், இடது கையில் கனம் தூக்கக்கூடாது, அக்குளிலிருந்து நெறிக்கட்டியெல்லாம் எடுத்துவிட்டார்கள், தூக்கினால் கை வீங்கும், தோல்பையை அவளிடம் கொடுத்தேன், ஷூக்களை வாரைப் பிடித்துக் கொத்தாகத் தூக்கிக்கொண்டோம். தரை கொதிக்கிறது. குதித்துக் குதித்து நடக்கிறோம், ஓவியாவுக்குச் சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பை அடக்குகிறாள், அதைக்கூட அடக்குகிறாளே. உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டே என்ன சைஸ் அக்கா என்றாள். பெரிய சைஸ் என்றேன். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்து, உங்களுக்குப் பெருசு வேண்டாங்கக்கா, தொளதொளன்னு கெடக்கும் என்றாள். கெடக்கட்டும், குடு என்றேன். கறுப்பு டி-ஷர்ட்டும் முழங்காலுக்குக் கீழ் இறங்குகிற பேண்ட்டும், யார் யாரோ போட்டுத் துவைத்துக் காய்ந்து மொறமொறப்பாக. துப்பட்டா போட்டுக்கொண்டு இறங்க விடுவார்களா என்று கேட்டேன், எனக்குப் பதில் தெரியும், இருந்தாலும் கேட்டேன், ஏதாவது ஒரு துணி மிச்சமிருக்கட்டும் என்று ஒரு ஆசை. துணி குழாயில மாட்டிக்கும், விடமாட்டாங்கக்கா. சரி. மாற்றுகிற அறைக்குள் ஈரமும் சோப்பும் மருந்துத் தண்ணீருமாக ஒரு வாடை, ஆஸ்பத்திரி வாடையில் பாதி அது, கால் ஒரு நொடி பின்வாங்கியது. கதவுக்கு வெளியே ஓவியாவை நிற்கவைத்துத் தாழ் போட்டேன். கொக்கியில் துப்பட்டா, சுடிதார். பக்கத்துத் தடுப்பில் இரண்டு பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு உடுப்பு மாற்றுகிறார்கள், ஒருத்தி இன்னொருத்தியை ஊக்கு மாட்டச் சொல்கிறாள், எவ்வளவு சாதாரணமாக. டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். பை இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக, யாருக்கும் எதுவும் தெரியாமல், நான் தைத்ததுதான், நல்ல கை எனக்கு. இதோடு இறங்கினால் என்ன ஆகும். பஞ்சு தண்ணீர் குடிக்கும். கனத்து, தொப்புள்வரை இறங்கித் தொங்கும். தையல் விட்டால் கடுகு கொட்டும், அலையெல்லாம் கடுகு மிதக்கும், யாருடைய பிள்ளையோ வாயில் போட்டுக் கடிக்கும். கொட்டாவிட்டாலும் நாளைக்கு முளைவிடும். என் நெஞ்சில் கடுகுச்செடி. எனக்கு அந்த ஈர அறையில் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாக, பக்கத்துத் தடுப்பில் பேச்சு நின்றது.

சிரித்தபடியே கையை விட்டு அதை எடுத்தேன். வியர்வையில் லேசாக ஈரம், என் உடம்புச் சூடு அதில். எடுத்த இடத்தில் டி-ஷர்ட் மெதுவாக உள்ளே போய் ஒட்டியது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தினமும் குளிக்கும்போது பார்க்கிறேன், அக்குளிலிருந்து நடு நெஞ்சுவரை ஒரு கோடு, முதலில் சிவப்பாக இருந்தது இப்போது கத்தரிப்பூ நிறம், அதைச் சுற்றித் தோலுக்கு உணர்ச்சி இல்லை, கிள்ளினாலும் தெரியாது, யாரோ ஒருத்தருடைய தோலை எடுத்து ஒட்டினது மாதிரி. இவர் அதைப் பார்த்ததில்லை. பார்க்கமாட்டேன் என்று சொன்னதில்லை, விளக்கை மட்டும் அணைத்துவிடுவார். உனக்குக் கூச்சமா இருக்குமேன்னுதான் ரேணு என்றார் ஒருமுறை. யாருடைய கூச்சம் அது. யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது என்று எல்லோரும் எனக்காகக் கூசுகிறார்கள், நான் கூசினேனா என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கேன் ஜூன் மாதம். அந்த நினைப்பு எங்கிருந்தாவது வந்து நடுவில் நின்றுகொள்கிறது, சட்னி அரைக்கும்போது, பஸ்ஸில், இப்போது இந்த ஈரத் தரையில். ஜூனில் கூப்பிட்டு உட்காரவைத்து டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினால் என்ன செய்வேன். கண்ணாடியைக் கழற்றினால் கெட்ட சேதி, முன்னே அப்படித்தான் கழற்றினார். கழற்றட்டும். ஜூன் வரும்போது வரட்டும். இது மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு. கதவைத் திறந்தேன். ஓவியா நிமிர்ந்து பார்த்தாள். அவளும் இதுவரை பார்த்ததில்லை. அவள் கண் என் முகத்தில் இருந்து இறங்கியது, இடது பக்கம் நின்றது, வலது பக்கம் போனது, மறுபடி இடது பக்கம். நான் துணியை இழுத்துவிடவில்லை. தோளைக் குறுக்கவும் இல்லை, டாக்டரம்மா சொன்னபடி நிமிர்ந்து நின்றேன், குறுக்கிக் குறுக்கி நின்றால் தோள் இறுகிப்போகும் என்பார். டி-ஷர்ட் உனக்குப் பெருசா இருக்கும்மா என்றாள். ஆமா, பெருசுதான் என்றேன். அவ்வளவுதான். லாக்கர் இருந்தது. எத்தனையோ வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது, சுவர் முழுக்கப் பெட்டி பெட்டியாக. கட்டைப்பை, தோல்பை, போன், ஷூ, எல்லாவற்றையும் உள்ளே அடைத்து, எல்லாவற்றுக்கும் மேலே என்னுடையதையும் வைத்துப் பூட்டினேன்.

மாற்றுகிற அறையிலிருந்து குளத்துக்கு எவ்வளவு தூரம் என்று நீங்கள் வேறு யாரையாவது கேட்டால் இதோ இருக்கிறது என்பார்கள். எனக்கு அது நடக்க நடக்க நீண்டது. ஐஸ் வண்டியைத் தாண்டி, செயற்கை மழையில் ஆடுகிற காலேஜ் பையன்களைத் தாண்டி, சோளம் சுடுகிறவளைத் தாண்டி. பார்க்கிறார்களா. சிலர் பார்க்கிறார்கள். முதலில் சும்மா பார்த்து, போய்விட்டு, திரும்பி வருகிற பார்வை, திரும்பி வருகிற பார்வைதான் பார்வை. ஒரு அம்மா தன் மருமகள் மாதிரி இருந்தவளின் காதில் என்னவோ சொன்னாள். ஒருவன் பார்த்துக்கொண்டே சோளத்தைக் கடிக்க மறந்து நின்றான். நான் அவனைப் பார்த்தேன். நன்றாக, கண்ணுக்கு நேரே. இரண்டும் இருந்த காலத்தில் பஸ்ஸில் கடைத்தெருவில் இதே மாதிரி எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், அப்போது குனிந்துகொண்டு போனேன், புடவையை இழுத்துச் செருகினேன், அப்போது இருந்ததற்கும் மூடினேன், இப்போது இல்லாததற்கும் மூட வேண்டுமென்றால் நான் எப்போதுதான் மூடாமல் நிற்பது. அவன் சோளத்தைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டான். நங்கை ஆழமில்லாத ஓரத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் யாரோ என்று பார்த்தார், அப்புறம் வாய் திறந்தது, எழுந்த வேகத்தில் வழுக்கப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்து என் மேலே போர்த்தினார். என்ன புள்ள இது, ஊரே பாக்குது. குரலில் கோபம் இல்லை, பதறல்தான். துண்டைப் பிடித்த கை என் தோளிலேயே இருந்தது. எனக்கு அந்தக் கையைத் தெரியும். பக்கெட் கழுவின கை. அதனால்தான் துண்டை மெதுவாக எடுத்தேன், மடித்தேன், அவர் கையிலேயே கொடுத்தேன். 

"பாக்கட்டுமுங்க நங்கை. பாத்தா எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிராது. நீங்க எனக்குச் செஞ்சதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா எம்புள்ளைகிட்ட இனிமே அப்படிக் கேக்காதீங்க. அவளுக்கு அம்மாவும் வேணும், தண்ணியும் வேணும்." 

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கத்தவில்லை. அழவும் இல்லை, அழுதுவிடுவேனோ என்று பயமாகத்தான் இருந்தது. நங்கை ஓவியாவைப் பார்த்தார். நான் வெளையாட்டுக்கு, என்று ஆரம்பித்தார். துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார், அவர் கண் நிறைந்து வந்தது, நான் அதைத் துடைக்கப் போகவில்லை. இன்னொரு நாள் போவேன். இவர் தண்ணீரை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார், வந்தவர் கிட்ட வந்ததும் வேகம் குறைந்து, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நட்டநடுப் பகலில், வெளிச்சத்தில், அணைக்க விளக்கு எதுவும் இல்லாத இடத்தில் பார்த்தார். இடமும் வலமும் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பினார், எனக்கு மனசு விழுந்தது, விழுந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. கை வீங்கிருமே ரேணு என்றார் கடைசியில். வீங்கினா பாத்துக்கலாம், வழி விடுங்க என்றேன். விட்டார். கூட வரவில்லை, கரைக்கும் போகவில்லை, அந்த முழங்கால் தண்ணீரிலேயே நின்றார்.

தண்ணீர் கணுக்காலில் ஜில்லென்றது. இத்தனை வெயிலில் எப்படி இவ்வளவு ஜில்லென்று. ஓவியா என் வலது கையைப் பிடித்திருந்தாள், விரல்கள் அத்தனையும் கோத்து, நான் விழுந்தால் தாங்குகிற மாதிரி ஒரு பிடி, விடு என்று சொல்லவில்லை, தானாக விடட்டும். முழங்கால், தொடை, இடுப்பு. சங்கு ஊதியது. சுற்றிலும் கத்துகிறார்கள், உள்ளேயிருந்து கேட்டால் அது வேறு சத்தம், காதில் விழுவதில்லை, எலும்பில் விழுகிறது. சுவரோரம் தண்ணீர் உப்புகிறது. பயம் வந்தது, நிஜமான பயம், தையல் பிரிந்துவிடும், நெஞ்சு திறந்துகொள்ளும், முட்டாள்தனம், ஆறி எத்தனையோ மாதமாகிவிட்டது, பயத்துக்கு அது தெரியுமா, கால் பின்னால் போகிறது, கையை எடுத்து நெஞ்சின் குறுக்கே வைக்கப் பார்க்கிறேன், வைக்கவில்லை, வா என்றேன் அதனிடம், வாய்விட்டு, வா பாக்கலாம். வந்து அடித்தது. வலது பக்கம் நெஞ்சில் அறைந்த அடி சுரீரென்று தெரிந்தது, இடது பக்கம் எதுவுமே தெரியவில்லை, அக்குளில் மட்டும் சில்லென்று ஒரு கோடு ஓடியது, பாதி உடம்பில் அலை, பாதி உடம்பில் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாத பாதியும் என்னோடுதான் வந்தது, சேர்ந்துதான் தூக்கிப்போட்டது. கீழே போனேன். கண்ணைத் திறந்தால் நீலமாக வெளிச்சம் ஆடுகிறது, யார் யாருடைய கால்களோ. மூக்கில் ஏறிவிட்டது. எழுந்து இருமினேன், இருமல் நிற்கவில்லை, கண் எரிகிறது. ஓவியாவின் கை என் கையில் இல்லை. அம்மா என்று ஒரு அலறல். இங்கதான் இருக்கேன் என்று இருமலுக்கு நடுவே கையைத் தூக்கினேன். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள், முகம் வெளுத்திருந்தது, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், மூக்கிலிருந்து எனக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, நான் என்ன செய்வேன், சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கோ அடியிலிருந்து ஏறி வருகிற மாதிரி அவள் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது, உதட்டோரம் கோணிக்கொண்டது, முகத்தைப் பிடித்திருந்த கை மெதுவாக விட்டது.

அடுத்த அலைக்கு என் பக்கத்தில் நின்றாள். அதற்கடுத்ததற்குக் கொஞ்சம் முன்னால். நங்கையின் மகள் அவள் மேல் தண்ணீரை வாரி அடித்தாள், இவள் திருப்பி அடித்தாள், யாரோ ஒரு குட்டிப் பெண், முன்பல் இரண்டும் இல்லாதவள், இவர்களோடு சேர்ந்துகொண்டாள், மூன்று பேருமாகக் கையைக் கோத்து அலைக்கு முதுகைக் காட்டி நிற்பது எப்படி என்று பழக ஆரம்பித்தார்கள். ஓவியா என்னைத் திரும்பிப் பார்க்க மறந்துவிட்டாள். அந்த மறதியை நான் தண்ணீருக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், நன்றாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. டி-ஷர்ட் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இதைவிட வெளியே தெரிய இனி எதுவும் இல்லை. அந்தக் குட்டிப் பெண்தான் முதலில் நின்றாள், என்னை உற்றுப் பார்த்தாள், பெரியவர்கள் மாதிரி போய்விட்டுத் திரும்பி வருகிற பார்வை இல்லை, வந்த இடத்திலேயே நிற்கிற பார்வை. அவங்களுக்கு ஏன் ஒரு பக்கம் இல்ல என்று ஓவியாவிடம் கேட்டாள், சத்தமாக, பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சட்டென்று வேறெங்கோ பார்த்தார்கள். வெட்டி எடுத்துட்டாங்க, கேன்சரு, என்றாள் ஓவியா, மூக்கைச் சிந்தித் தண்ணீரில் விட்டுக்கொண்டே, எங்க அம்மாதான். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த வார்த்தை குளத்தின் மேல் விழுந்து, ஒன்றும் ஆகவில்லை, மிதந்து எங்கோ போனது. குட்டிப் பெண் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு என் முன்னால் வந்தாள். நெஞ்சுவரை தண்ணீர் அவளுக்கு, முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"வலிச்சுதா ஆண்ட்டி?"

ஆஸ்பத்திரியில் இப்ப எப்படி இருக்கு என்று கேட்டார்கள். சொந்தக்காரர்கள் எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டார்கள். இவர் சாப்பிட்டியா என்று கேட்டார், தினமும், தவறாமல். இதை யாரும் கேட்கவில்லை. இந்தப் பல்லில்லாத வாய் கேட்கிறது. எங்கோ ஆழத்தில் வைத்திருந்த பதிலை எடுக்க வேண்டியிருந்தது.

"ஆமா சாமி. ரொம்ப வலிச்சுது."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"அப்படீன்னா அங்க வாங்க," என்று ஆழமான பக்கத்தைக் காட்டினாள். அங்கேதான் அலை பெரிசாக இருக்குமாம், பெரியவர்கள் யாராவது கூட வந்தால்தான் கரையில் காவலுக்கு நிற்கிற விசில்காரர் விடுவாராம், அவளுடைய அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ஓவியா என்னைப் பார்த்தாள். போலாமாம்மா என்று கேட்கவில்லை. வருவியாம்மா என்றும் கேட்கவில்லை. முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் என் விலா அளவு, நெஞ்சளவு, தோளளவு ஏறியது, நான் கால் எட்டுகிற இடம்வரை வந்து நின்ற மூன்று பிள்ளைகளையும் தாண்டிப் போய் முன்வரிசையில், சுவருக்கு நேர் எதிரே நின்றேன்.